பழைய கமராவும் கொழும்பு ஈரமும்: கழற்றிப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வீடுகளின் அலுமாரிகளிலிருந்து வெளிவரும் பழைய கமராக்களில் உடைந்தவை குறைவு. ஈரத்தாலும், உப்புக் காற்றாலும், காய்ந்துபோன கிறீசாலும் இறுகிப்போனவையே அதிகம். லென்ஸ்களுக்கும் புரொஜெக்டர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே கீழுள்ள பதில்கள் அனைத்தும் ஒரே நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை: பழுது எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழம் வரை மட்டுமே திறக்க வேண்டும், அதற்கு அப்பால் ஒரு திருகாணியைக்கூடத் தொடத் தேவையில்லை.

பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. உடனே மேல்மூடியைக் கழற்றலாமா?

கூடாது. பழுது போலத் தோன்றுவது பல வேளைகளில் அந்தக் கமராவை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த பூட்டாக இருக்கும். 1950களின் மடிப்புக் கமராக்கள் பலவற்றில் ஒரே படத்தின்மேல் இன்னொரு படம் பதிவாவதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. பிலிம் நகராத வரை பொத்தான் இறங்காது என்பதால், பிலிம் இல்லாமல் சோதிப்பவருக்கு அது செத்த கமராவாகவே தெரியும். கொடாக் ரெட்டினா இரண்டு-சி, மூன்று-சி வகைகளில் பட எண்ணி மேலிருந்து கீழாக எண்ணும். எண்ணி முடிந்ததும் பிலிமை நகர்த்தும் நெம்புகோல் பூட்டிக்கொள்ளும். எண்ணியைத் திரும்ப உயர்த்தி வைத்தால் கமரா உயிர்பெற்றுவிடும். யஷிக்கா இலெக்ட்ரோ 35 பற்றரி இல்லாவிட்டால் எல்லா ஒளியிலும் 1/500 விநாடி வேகத்திலேயே இயங்கும். அதையும் பலர் ஷட்டர் (பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் பொறி) பழுது என்று எண்ணிக் கழற்றத் தொடங்குகிறார்கள்.

சில விநாடிகள் கழித்துத் தானாகப் படமெடுக்க உதவும் தாமதப் பொத்தான் இடையிலே நின்றுபோவது இன்னொரு வழக்கமான காரணம். அதை விரலால் நெருக்கித் தள்ளவே கூடாது. உள்ளே இருக்கும் பற்சக்கரம் மிகச் சிறியது. கமராவின் மூலக் கைந்நூலை இணையத்தில் தேடி ஒருமுறை முழுமையாக வாசித்த பிறகே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

எந்தெந்தக் கருவிகள் வேண்டும்? அவற்றைக் கொழும்பில் எங்கே தேடுவது?

கூட்டல் குறி வெட்டுள்ள எல்லாத் திருகாணிகளும் ஒரே வகையல்ல. ஜப்பானியக் கமராக்களில் இருப்பவை ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவுக்கு வெட்டப்பட்டவை. வழமையான பிலிப்ஸ் திருப்புளியின் முனை அவற்றில் அடிவரை இறங்காது. பாதி இறங்கிய முனையால் அழுத்தித் திருப்பும்போது அது வழுக்கி மேலெழும்பி, திருகாணியின் தலையை அரைத்துவிடும். தலை அரைபட்ட திருகாணி ஒன்றை எடுப்பதற்குச் செலவாகும் நேரத்தில் நான்கு லென்ஸ்களைச் சுத்தம் செய்துவிடலாம். எனவே எல்லாவற்றுக்கும் முன்னதாக ஜே.ஐ.எஸ். முனையுள்ள சிறிய திருப்புளிகளை வாங்குங்கள். இங்கே கடைகளில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவைக்க வேண்டிய ஒரே பொருள் இதுதான்.

மற்றவை பெரும்பாலும் புறக்கோட்டையிலேயே அடங்கிவிடும். நுண்முனைச் சாவணம், உருப்பெருக்கி, தட்டை முனைத் திருப்புளிகள் ஆகியவை நகை வேலையிலும் மணிக்கூடு திருத்தும் வேலையிலும் நாளாந்தம் பயன்படுபவை. செட்டியார் தெருவிலும் அதைச் சுற்றியும் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பற்றவைக்கும் கோல், மின்மானி, சிறு வயர்கள் ஆகியவற்றுக்கு முதலாம் குறுக்குத் தெரு. லென்ஸின் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் வளையங்களைத் திருப்ப இருமுனைச் சாவி ஒன்று தேவை. வெட்டுகளில் கத்தரிக்கோலின் முனைகளை வைத்துத் திருப்பிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த முனை ஒருமுறை வழுக்கினால் கண்ணாடியின் குறுக்கே விழும் கீறலை எந்தத் திரவமும் நீக்காது.

திருகாணி அசைய மறுக்கிறது. என்ன செய்வது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி ஆகிய இடங்களில் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் இருந்த கமராக்களுக்கு இது இயல்பு. உப்பு ஈரம் பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இடையே வெள்ளைப் பொடியாக உறைந்திருக்கும். தொழிற்சாலையில் திருகாணிகளின்மேல் பூசிய அரக்கும் பிடித்துக்கொள்ளும். அரக்குக்கு ஊசிமுனையால் ஒரு துளி அசிற்றோன் இட்டால் போதும். பிளாஸ்டிக்கிலோ பூச்சிலோ பட்டால் அவையும் கரைந்துவிடும் என்பதால் தூரிகையைப் பயன்படுத்த வேண்டாம். உப்புக்கு, பற்றவைக்கும் கோலின் முனையைத் திருகாணியின் தலையில் சில விநாடிகள் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் திருப்ப வேண்டும். இரண்டாலும் அசையாவிட்டால் இடஞ்சுழி மரையாக இருக்குமா என்று யோசியுங்கள். நெம்புகோல்களின் நடுவிலுள்ள மூடிகள் சிலவற்றில் மரை மறுபுறமாகச் சுற்றும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போலத் தெரிகிறது. இது பூஞ்சணமா? நீக்கலாமா?

லென்ஸின் துவாரத்தை (ஒளி நுழையும், அளவு மாற்றக்கூடிய திறப்பு) முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து எல்.ஈ.டி. ரோச்சின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டு விளிம்பை நோக்கிப் படரும் மெல்லிய இழைகள் பூஞ்சணம். சீரான வெண்புகைப் படலம் பெரும்பாலும் ஆவியாகிப் படிந்த எண்ணெய். விளிம்பில் வானவில் நிறத்தில் வளைந்து தெரியும் திட்டு, ஒட்டப்பட்ட இரு வில்லைகள் (லென்ஸுக்குள் இருக்கும் தனித்தனிக் கண்ணாடிகள்) பிரியத் தொடங்கியிருப்பதன் அறிகுறி. முதல் இரண்டையும் வீட்டிலே துடைக்கலாம். மூன்றாவதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் பழைய கனடா பால்சம் பசையை இளக்கி, வில்லைகளை மையம் தவறாமல் மீண்டும் ஒட்டுவது தனித் தொழில்.

பூஞ்சணம் 60 முதல் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனில் வளரும். கொழும்பில் மழையில்லாத நாட்களிலும் அந்த அளவு சாதாரணம். அது வெளிவிடும் அமிலம் முதலில் கண்ணாடியின் மேற்பூச்சையும், பின்னர் கண்ணாடியையும் அரிக்கும். ஆகவே சுத்தம் செய்தபின் இழைகள் போய், அவை இருந்த இடத்தில் மங்கிய தடம் எஞ்சினால், அது துடைப்பவரின் குறையல்ல. படத்தில் அந்தத் தடம் தெரிவது அரிது; சூரியனை எதிர்நோக்கி எடுக்கும்போது மட்டும் படம் சற்று வெளுக்கும்.

வில்லைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது, ஒவ்வொன்றின் விளிம்பிலும் முன்பக்கத்தைக் குறிக்கும் அம்பு ஒன்றைப் பென்சிலால் இடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு வளைந்தவை போலத் தோன்றும் வில்லைகள்கூட உண்மையில் அப்படி இருப்பதில்லை. ஒன்றைப் புரட்டி வைத்துவிட்டால் எந்தத் தூரத்திலும் படம் கூர்மையாகாது. பார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டையும் அமோனியாக் கரைசலையும் சம அளவில் கலந்து, பஞ்சில் நனைத்து, மையத்திலிருந்து விளிம்புக்குச் சுழற்றித் துடைக்க வேண்டும். பின்னர் ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் இன்னொரு முறை. கலவையை அன்றன்று தேவையான அளவு மட்டும் தயாரியுங்கள். மூடிய போத்தலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அமோனியாவை எக்காரணம் கொண்டும் வெளுப்புத் திரவத்துடன் சேர்க்க வேண்டாம்; உண்டாகும் வாயு நஞ்சு. பற்பசையால் தேய்க்கும் ஆலோசனை இன்னும் உலவுகிறது. பற்பசை ஓர் உராய்பொருள். பூஞ்சணத்தோடு மேற்பூச்சும் போய்விடும்.

லென்ஸ் தெளிவாக இருக்கிறது, ஆனால் தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கிறது. இது அழுக்கா?

இல்லை. 1960களிலும் 70களிலும் வந்த சில லென்ஸ்களின் கண்ணாடியில் கதிரியக்கமுள்ள தோரியம் சேர்க்கப்பட்டிருந்தது. பென்ராக்ஸ் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. 1.4 லென்ஸின் ஏழு வில்லை வடிவம் அவற்றில் பரவலாக அறியப்பட்டது. காலப்போக்கில் கதிர்வீச்சு கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. புறஊதாக் கதிர் அதை வெளுக்கச் செய்கிறது. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. பின்புறத்தை அலுமினியத் தாளால் இறுக மூடி, யன்னலருகே சில வாரங்கள் வைத்தால் நிறம் தெளியும். மூடாமல் வைக்கப்பட்ட லென்ஸ் வெயிலைக் குவித்து மேசை விரிப்பில் தீ வைக்கும். படமெடுப்பதற்கு இந்த லென்ஸால் அச்சமில்லை. அந்த வில்லையைத் தேய்த்துப் பொடியாக்குவது மட்டுமே ஆபத்து.

குவிய வளையம் கல்லாய் இறுகிவிட்டது. கழற்றிப் புதுக் கிறீஸ் போடலாமா?

போடலாம், ஆனால் அதிகமான லென்ஸ்கள் கெட்டுப்போவதும் இந்த வேலையில்தான். வளையத்தைச் சுற்றும்போது முன்னும் பின்னும் நகரும் உருளைகள் பல தொடக்கங்கள் கொண்ட மரையால் இணைந்திருக்கின்றன. முழுவதும் சுற்றிப் பிரித்த உருளையைத் திரும்பப் பொருத்தும்போது அது பல இடங்களில் இலகுவாக ஏறிக்கொள்ளும்; அவற்றில் ஒன்றே சரியானது. மற்ற எதில் ஏற்றினாலும் லென்ஸ் முடிவிலிக்கு, அதாவது மிகத் தொலைவிலுள்ளவை கூர்மையாகத் தெரியும் நிலைக்கு, வராது, அல்லது அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆகையால் மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். உருளைகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியும் அந்தக் கணத்திலேயே நிறுத்தி, இரு உருளைகளிலும் நேருக்கு நேராக ஊசியால் சிறு கீறல் இட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துவிடுங்கள். பென்சில் கோடு போதாது, ஏனெனில் அடுத்து லைட்டர் பெற்றோலில் கழுவும்போது அது அழிந்துபோகும். பல்துலக்கியால் மரையின் பள்ளங்களைத் தேய்த்தால் பச்சையும் பழுப்புமான களிம்பு வரும். பித்தளைத் துகள் கலந்த அந்தக் கிறீஸ்தான் வளையத்தை இறுக்கியது.

புதிதாக இடுவது லென்ஸ் மரைக்கென்றே விற்கப்படும் கிறீஸாக இருக்கட்டும். வாகனங்களுக்குப் பூசும் கிறீஸ், வசலின், தையல் இயந்திர எண்ணெய் ஆகியவை 30 பாகை வெப்பத்தில் பிரிந்து, துவாரத் தகடுகளை நோக்கி ஊர்ந்து செல்லும். அடுத்த ஆண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு லென்ஸ் திரும்பவும் மேசைக்கு வரும். மரைப் பள்ளத்தில் மெல்லிய படலமாக இருந்தால் போதும். உருளைகள் சேரும்போது விளிம்பில் கிறீஸ் பிதுங்கினால் அது அதிகம்.

முடிவிலி சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

பின்கதவைத் திறந்து, 35 மி.மீ. அகலத்துக்கு வெட்டிய மங்கற் கண்ணாடியை, மங்கிய பக்கம் லென்ஸை நோக்க, பிலிம் ஓடும் உள் விளிம்புகளின்மேல் வையுங்கள். ஷட்டரைத் திறந்த நிலையில் நிறுத்தி, துவாரத்தை முழுதாகத் திறந்து, உருப்பெருக்கியால் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸுக்குச் சில நூறு மீற்றருக்கு அப்பால் உள்ளவை யாவும் முடிவிலிக்குச் சமம். தெகிவளையிலோ வெள்ளவத்தையிலோ உயரமான மொட்டைமாடி ஒன்று வாய்த்தால், சுமார் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தைவிட வசதியான இலக்கு இல்லை. காலி முகத்திடல் பக்கம் இருப்பவர்களுக்குத் தொடுவானில் நிற்கும் கப்பல்கள் உண்டு. வளையம் முடிவிலிக் குறியில் நிற்கையில் கோபுரத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். உச்சிவெயிலில் காற்று கொதித்து விளிம்பு நடுங்கும் என்பதால் காலை வேளையே சிறந்தது.

ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறக்கின்றன. சிறிது எண்ணெய் விடலாமா?

விடவே கூடாது. கொம்பூர், கோப்பால், செய்கோஷா போன்ற இதழ் ஷட்டர்கள் முற்றிலும் உலர்ந்த நிலையில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய இதழ்களுக்கிடையே ஒரு துளி எண்ணெய் புகுந்தாலும் பரப்பிழுவிசை அவற்றைப் பிணைத்துவிடும். நீங்கள் காணும் ஒட்டலும் பெரும்பாலும் வேறு பாகங்களிலிருந்து கசிந்த பழைய எண்ணெயே.

முன்வில்லைத் தொகுதியைச் சுற்றிக் கழற்றினால் இதழ்கள் தெரியும். பஞ்சுக் குச்சியை லைட்டர் பெற்றோலில் தொட்டு, உதறி, இதழ்களின்மேல் மெதுவாகத் தடவுங்கள். ஷட்டரைச் சில முறை இயக்குங்கள். வெளிவரும் கறுப்பு வளையத்தைத் துடைத்து எடுங்கள். பஞ்சு வெள்ளையாகவே திரும்பும் வரை இதைத் தொடர வேண்டும். பெற்றோலைத் தாராளமாக ஊற்றினால் அழுக்கு கரைந்து இன்னும் ஆழத்தில் போய்ப் படியும், தற்காலிகமாகக் குணமான ஷட்டர் மறுவாரம் மீண்டும் ஒட்டும். அறையில் அடுப்போ, சாம்பிராணியோ, விளக்கோ எரியக் கூடாது.

குறைந்த வேகங்களைக் காதால் சோதிக்கலாம். ஒரு விநாடியில் வைத்து இயக்கினால் உள்ளிருக்கும் பற்சக்கரத் தொகுதி ஒரே சீராக இரைந்து முடிய வேண்டும். நடுவில் இழுபட்டு, யோசித்து, பிறகு முடிந்தால் அந்தத் தொகுதியிலும் பழைய எண்ணெய் காய்ந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தபின் அச்சுகளின் நுனிகளுக்கு மட்டும், ஊசிமுனை அளவில், மணிக்கூட்டு எண்ணெய் இடலாம்.

துணித்திரை ஷட்டரில் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று எப்படி அறிவது?

இருண்ட அறையில் லென்ஸைக் கழற்றி, உள்ளே ரோச்சை வைத்து, பின்புறத்திலிருந்து பாருங்கள். ஊசித்துளை அளவில் இருந்தால் நெகிழும் கறுப்புத் துணிப்பூச்சை மிக மெல்லியதாகத் தடவி அடைக்கலாம். திரை வெடிப்புற்று விறைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதைத் தேர்ந்தவரிடம் கொடுங்கள். அதிவேகம் குறைவாக இருக்கிறதென்று, திரையை இழுக்கும் சுருள்வில்லின் முறுக்கை மட்டும் கூட்டுவது பழைய திரையைக் கிழிக்கும் குறுக்குவழி.

கமராவில் 1.35 வோல்ற்று பாதரச பற்றரி என்று எழுதியிருக்கிறது. இப்போது எதைப் போடுவது?

பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அந்தப் பற்றரிகள் இப்போது விற்பனையில் இல்லை. அதே உருவத்தில் கிடைக்கும் 1.5 வோல்ற்று அல்கலைன் பற்றரி பொருந்தும், ஆனால் ஒளிமானி தவறான அளவைக் காட்டும். மேலும் பயன்படுத்தப் பயன்படுத்த அழுத்தம் குறைவதால் அந்தத் தவறும் மாறிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவிகளுக்காக விற்கப்படும் 675 இலக்கப் பற்றரி காற்றை உள்ளிழுத்து 1.4 வோல்ற்றைச் சீராகத் தரும். சுற்றிலும் இறப்பர் வளையம் ஒன்றை இட்டால் அறைக்குள் ஆடாது. ஒட்டுத்தாளை உரித்த பிறகு அதன் ஆயுள் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரைதான். பென்ராக்ஸ் ஸ்பொட்மற்றிக் போன்ற சிலவற்றின் சுற்று அழுத்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, அவற்றில் 1.5 வோல்ற்றே போதும்.

பற்றரி அறையில் பச்சை அல்லது வெள்ளைப் பொடி கண்டால், தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்ட பஞ்சால் துடைத்து, பின் அல்கஹோலால் துடையுங்கள்.

மின்னொளி (ஃபிளாஷ்) உள்ளடங்கிய கமராவைக் கழற்றலாமா?

பற்றரியை எடுத்துவிட்டாலும், மின்னைச் சேமித்து வைக்கும் அதன் கப்பாசிட்டரில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கும். 1,000 முதல் 2,000 ஓம் வரையான, வெப்பத்தைத் தாங்கும் தடையி ஒன்றைக் காப்பிடப்பட்ட வயர்களால் இணைத்து மின்னை இறக்கி, மின்மானியால் சோதித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவர்கள் இவ்வகைக் கமராவைத் திறக்காமலிருப்பதே நல்லது.

தாத்தாவின் கமராவில் இன்னும் பிலிம் இருக்கிறது. பழுதுபார்ப்பதற்குத் திறந்தால் கெட்டுவிடுமா?

பின்கதவைத் திறந்தால் கெட்டுவிடும். முதலில் சுற்றிப் பின்னிழுக்கும் குமிழை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் பிலிம் இருக்கிறது. பின்னிழுத்து எடுத்து, பெட்டியின் பெயரைப் பாருங்கள். கறுப்புவெள்ளை என்றால் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் உருவம் கிடைக்க வாய்ப்புண்டு. கொடாக்குரோம் எனும் வண்ணப் பிலிம் என்றால் அதன் நிறச் செய்முறை 2010 இறுதியோடு உலகெங்கும் நின்றுவிட்டது. கறுப்புவெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். குடும்பப் படங்களை 1983 கலவரத்திலும் அதன் பின்னான இடப்பெயர்வுகளிலும் இழந்த வீடுகள் இந்த நகரில் பல. அத்தகைய ஒரு சுருளைவிடக் கமரா முக்கியமல்ல. பின்னிழுக்கும் பொறி உடைந்திருந்தால், முழு இருட்டில் கையால் எடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த 8 மி.மீ. புரொஜெக்டரை அப்படியே செருகலாமா?

முதலில் அடியிலுள்ள தகட்டை வாசியுங்கள். நமது மின் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். அமெரிக்கக் கருவி 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ். ஜப்பானியக் கருவி 100 வோல்ற்று. மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹேட்ஸுக்கான மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். விநாடிக்கு 24 படங்கள் 20 ஆகிவிடும். ஜப்பானிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60 என்பதால் அந்நாட்டுக் கருவிகள் பலவற்றில் இரண்டுக்குமான மாற்றுவழி இருக்கும்.

செருகுவதற்கு முன் பக்கமூடியைத் திறந்து பட்டிகளைப் பாருங்கள். பழைய இறப்பர் பட்டி தாராக உருகி, கப்பிகளில் அப்பியிருப்பது வழக்கம். அல்கஹோலால் பொறுமையாகத் துடைத்து எடுத்த பின்னரே புதுப் பட்டி. பெல் அண்ட் ஹவல் 16 மி.மீ. கருவிகளில் பிளாஸ்டிக் திருகுப் பற்சக்கரம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்ததை ஓட்டினால் மற்றப் பற்களும் போகும். விளக்கை எரியவிடாமல், பிலிம் இல்லாமல், மோட்டாரையும் விசிறியையும் மட்டும் சிறிது நேரம் ஓட்டிப் பழகவிடுங்கள். ஹலஜன் விளக்கை வெறும் விரலால் தொட வேண்டாம். மிகப் பழைய கருவிகளின் விளக்கறையில் நார் போன்ற சாம்பல் நிறக் காப்பு இருந்தால் அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம், அதைச் சுரண்டாதீர்கள்.

பழைய சுருளை ஓட்டிப் பார்க்கலாமா?

ரின்னைத் திறந்ததும் வினாகிரி வாடை அடித்தால், அசற்றேற் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது; அதைத் தனியே வையுங்கள். அடுத்ததாகச் சுருக்கத்தை அளக்கலாம். பழைய 8 மி.மீ. பிலிமில் 100 படங்களின் நீளம் 381 மி.மீ., சூப்பர் 8இல் ஏறத்தாழ 423 மி.மீ. இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் பற்கள் துளைகளைக் கிழிக்கும்; ஓட்டாமல் ஸ்கான் செய்யக் கொடுங்கள். 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. பிலிம்களில் எளிதில் தீப்பற்றும் நைற்றேற்று வகையும் இருந்தது. தீப்பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் எரியும். அதை எந்தப் புரொஜெக்டரிலும் ஏற்ற வேண்டாம்.

பழுதுபார்த்த பிறகு கொழும்பில் எப்படிப் பாதுகாப்பது?

தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பூஞ்சணத்தின் முதல் வீடு அந்த உறைதான். மின்சார உலர் அலுமாரி நல்லதே, எனினும் 2022இல் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்களுக்கு, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியும், சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரப்பதன்மானியும் அதைவிட நம்பிக்கையானவை. 40 முதல் 50 சதவீதம் போதும். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் 120 பாகையளவில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். அரிசிக்குள் வைப்பவர்களுக்குக் கிடைப்பது கமராவுக்குள் தவிடு. ஏ.சி. அறையிலிருந்து வெளியே போகும்போது கமராவைப் பையிலேயே அரைமணி நேரம் விட்டால் கண்ணாடியில் நீர் அரும்பாது.

மூடப்பட்ட திரையரங்கு ஒன்றின் 35 மி.மீ. புரொஜெக்டர் கிடைத்திருக்கிறது. நாமே கழற்றலாமா?

விளக்கறையைத் தொடாதீர்கள். செனன் விளக்கின் குமிழுக்குள் வாயு உயர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையிலும் தட்டுப்பட்டால் வெடித்துக் கண்ணாடி சிதறும். முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்து அதைக் கழற்றப் பழகிய, திரையரங்கில் புரொஜெக்டர் இயக்குபவர் ஒருவரைக் கூப்பிட்டு, குமிழை அகற்றுவித்து, அதற்குரிய பாதுகாப்புப் பெட்டியில் வையுங்கள். அதன் பிறகு பிலிம் ஓடும் பாதை, பற்சக்கரங்கள், எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றை நீங்களே சுத்தம் செய்து, கைந்நூல் சொல்லும் எண்ணெயை இட்டு, கைப்பிடிச் சக்கரத்தால் சுற்றிப் பார்க்கலாம்.